கனகாவை இன்னொரு முறை செய்வது பற்றி

மந்தைவெளி,
சென்னை-28.
23.4.97, புதன்கிழமை.

அன்பு மகள் கற்பகத்துக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் நைனாவும் மாடுகள் நான்கும் கன்று ஒன்றும் சுகம். உன் சுகத்தைக் கேட்டால் நீ பதில் போடப்போவதில்லை, அதனால் கேட்கவில்லை. கோபம் இருந்தால் இருக்கட்டும். இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடுவதானாலும் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுக் கிழி. மூன்று நாளாகக் காலைக் கறவைக்கும் மாலைக் கறவைக்கும் நடுவில் உட்கார்ந்து எழுதுகிறேன், விரல் நோகிறது.

உன் கோச் வேதநாயகம் சார் எனக்கு ஒரு கார்டு போட்டிருக்கிறார். இருபது நாளாக நீ மைதானத்துக்கு வந்து ஓரமாக உட்கார்ந்துவிட்டு எழுந்து போகிறாயாம். ஷூ கூட மாட்டுவதில்லையாம். மே மாதக் கடைசியில் வைக்கும் தேர்வில் ஓடாவிட்டால் விளையாட்டு விடுதியில் உன் இடத்தை வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று எழுதியிருக்கிறார். நல்ல மனுஷர், ஒரு வார்த்தை திட்டவில்லை. வீட்டில் ஏதாவது நடந்ததா என்று மட்டும் கேட்டிருக்கிறார். கார்டு என்பதால் போஸ்ட்மேனும் படித்துவிட்டார். "இன்னாம்மா, பாப்பா ஓட மாட்டேன்னு குந்திக்கினு கீதாமே?" என்று வாசலில் நின்று சத்தமாகக் கேட்டார். தெருவுக்கே தெரிந்துவிட்டது.

அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் உன் கடிதம் வந்தது. இரண்டு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு ஒரே ஒரு பக்கம். ஸ்காட்லாந்து என்ற தேசத்தில் ஒரு ஆட்டை அச்சு அசலாக இன்னொரு முறை செய்திருக்கிறார்கள், அதற்குப் பெயர் டாலி, எங்கள் சயின்ஸ் டீச்சர் சொன்னார்கள் என்று எழுதியிருந்தாய். மூல ஆடு முன்பே செத்துப்போனதாம், ஆகவே செத்த மாட்டையும் செய்யலாமாம். கனகாவின் வால்முடி உன் டிரங்குப் பெட்டியில் இருக்கிறதாம், டாக்டரம்மாவிடம் கொடுத்து அந்த ஊருக்கு அனுப்ப வேண்டுமாம். கனகா வரும்வரை ஓடமாட்டாயாம், லீவுக்கு வீட்டுக்கும் வரமாட்டாயாம். எல்லாவற்றுக்கும் கீழே, "ஏழு வயசு மாட்டுக்கு வயசாகிச் செத்துப்போச்சுன்னு எழுதினியே, நான் என்ன முட்டாளா?" என்று அடிக்கோடு போட்டுக் கேட்டிருந்தாய்.

நீ முட்டாள் இல்லை. மாட்டுக்காரி பெற்ற பிள்ளையிடம் போய் ஏழு வயது மாட்டைக் கிழம் என்று எழுதினேனே, என் புத்தியைத்தான் சொல்ல வேண்டும். அந்தக் கேள்விக்கு வருகிறேன். முதலில் ஆட்டுச் சமாச்சாரம். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் நழுவினேன் என்று நாளைக்கு நீ சொல்லக் கூடாது.

உன் கடிதத்தை நஸ்ருன்னிசா டாக்டரம்மாவிடம் காட்டினேன். ராயப்பேட்டையிலிருந்து ஸ்கூட்டரில் நம் கொட்டகைக்கு வருவாரே, சினை ஊசி போட, அவரேதான். இரண்டு தடவை படித்தார். "தேவானை, உன் பொண்ணு கேட்டிருக்கிற கேள்வி லேசுப்பட்டது இல்ல. சும்மா கதை வுட்டு ஏமாத்தாதே, ஒழுங்கா பதில் எழுது" என்றார். எனக்கே தெரியாததை நான் எப்படி எழுதுவது என்றேன். அன்று ஊசி போட வேண்டிய மாட்டையே மறந்துவிட்டு, சுண்ணாம்புக் கட்டியை எடுத்துக் கொட்டகைச் சுவரில் படம் போட்டு ஒரு மணி நேரம் சொல்லிக் கொடுத்தார். படம் இன்னும் அழியவில்லை. மாடு நக்கினால்தான் உண்டு.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன், தப்பிருந்தால் உன் டீச்சரிடம் கேட்டுத் திருத்திக்கொள். உன் உடம்பு, என் உடம்பு, மாட்டின் உடம்பு எல்லாமே கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னச் செல்களால் ஆனதாம். ஏறக்குறைய ஒவ்வொரு செல்லுக்குள்ளும் அந்த உடம்பை முழுசாகச் செய்வதற்கான குறிப்பு இருக்கிறதாம். மடியில் இருக்கும் செல்லுக்குள்ளேயும் கொம்பு எப்படி, வால் என்ன நிறம் என்பது வரைக்கும் எழுதியிருக்கும். ஆனால் அது மடிக்கு வேண்டிய பக்கத்தை மட்டும் படித்துக்கொண்டு மற்றதையெல்லாம் மூடி வைத்திருக்கும். சாதாரணமாக ஒரு கன்று பிறக்கும்போது பாதிக் குறிப்பு தாயிடமிருந்து, பாதி காளையிடமிருந்து வருகிறது. அதனால்தான் கனகா ஈன்ற நம் சின்னக்கனகாவுக்கு முகமும் நெற்றிச்சுட்டியும் தாயைப் போல, பிடிவாதம் மட்டும் எந்தக் காளையிடமிருந்து வந்ததோ தெரியவில்லை.

டாலிக்கு அப்பன் கிடாவே கிடையாது. வெள்ளை முகம் உள்ள ஒரு பெட்டையாட்டின் மடியிலிருந்து செல் எடுத்தார்கள். மடியிலிருந்து என்று கேட்டதும் எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, நம் பிழைப்பே மடியை நம்பித்தானே. கறுப்பு முகம் உள்ள இன்னொரு ஆட்டிடமிருந்து ஒரு முட்டையை எடுத்தார்கள். ஆட்டுக்கும் மாட்டுக்கும் ஏன் மனுஷிக்குமே வயிற்றுக்குள் முட்டை உண்டு, ஆனால் ஓடு கிடையாது, தூசியளவுதான் இருக்குமாம். அந்த முட்டைக்குள் இருந்த குறிப்பை மெல்லிய ஊசியால் உறிஞ்சி எறிந்துவிட்டார்கள். காலி முட்டையையும் மடிச் செல்லையும் ஒட்ட வைத்துத் துளி மின்சாரம் பாய்ச்சினார்கள். இரண்டும் ஒன்றாகி, மூடி வைத்திருந்த பக்கங்களையெல்லாம் திறந்து முதலிலிருந்து படிக்க ஆரம்பித்துவிட்டதாம். அதைக் கொண்டுபோய்க் கறுப்பு முகம் உள்ள மூன்றாவது ஆட்டின் வயிற்றில் வைத்தார்கள். ஐந்து மாதம் சுமந்து அது ஈன்ற குட்டிக்கு முகம் வெள்ளை. யார் குறிப்போ அவர் முகம்! இப்படி இருநூற்று எழுபத்தேழு முட்டைகளைச் சேர்த்துப் பார்த்ததில் உயிரோடு பிறந்தது டாலி ஒன்றுதான்.

இப்போது உன் வக்கீல் பாயிண்டுக்கு வருகிறேன். மூல ஆடு முன்பே செத்துப்போனது உண்மைதான் என்று டாக்டரம்மாவும் சொன்னார். ஆனால் அதன் மடியிலிருந்து செல்லை எடுத்து உறைய வைத்தது அது உயிரோடு இருந்தபோது. நாம் கனகாவிடமிருந்து அப்படி எதையும் எடுத்து வைக்கவில்லை. நீ கத்தரித்து வைத்திருக்கும் வால்முடியில் உயிருள்ள செல் கிடையாதாம். முடியைப் பத்திரமாக வைத்துக்கொள், ஆனால் அதிலிருந்து மாடு வராது. சுற்றி வளைக்காமல் சொல்கிறேன் கண்ணு, கனகா வரமாட்டாள்.

ஒரு பேச்சுக்குச் செய்ய முடிகிறது என்றே வைத்துக்கொள். வருவது கன்றுக்குட்டி. உன்னைத் தெரியாது, என்னைத் தெரியாது. பாண்டி பஜார் டெய்லரிடம் அளவு ஜாக்கெட் கொடுத்து அதே போல இன்னொன்று தைத்து வாங்குகிறோம். அளவு கனகச்சிதமாக இருக்கும். ஆனால் பழைய ஜாக்கெட்டில் உன் காதுகுத்தல் அன்றைக்குப் பட்ட மஞ்சள் கறை புதியதில் இருக்குமா? டாக்டரம்மா சொன்னபோது எனக்கு இது முழுசாக உறைக்கவில்லை. போன வெள்ளிக்கிழமை அடையாறில் உன் நைனா பண்ணிய கூத்தில்தான் உறைத்தது. அதைக் கேள், சிரித்தாலும் சிரிப்பாய்.

அடையாறில் ராஜகோபாலன் சார் என்று ஒருவர், ரிட்டயர் ஆனவர், இரண்டாவது மாடியில் ஃபிளாட் வாங்கியிருக்கிறார். கிரகப்பிரவேசத்துக்கு மாடு கன்றோடு மேலே ஏறி வீட்டுக்குள் நுழைய வேண்டும் என்று அவர் சம்சாரம் ஜானு மாமி ஒற்றைக் காலில் நின்றார்களாம். மற்றவர்களெல்லாம் கீழேயே பூஜை பண்ணி அனுப்பிவிடுவார்கள். மாடி ஏறும் மாடு மயிலாப்பூர் வட்டாரத்திலேயே கனகா ஒருத்திதான் என்று யாரோ சொல்லி, உன் நைனா தை மாதமே ஒப்புக்கொண்டுவிட்டார். மாசியில் கனகா போய்விட்டாள். மாமியிடம் சொல்லிவிடலாம் என்றேன். "நீ சும்மா இரு தேவானை. மூஞ்சி ஒண்ணு, கலர் ஒண்ணு, சுட்டி ஒண்ணு. சின்னத இட்டுக்கினு போறேன், எவனுக்குத் தெரியப் போவுது?" என்று விடிவதற்குள் சின்னக்கனகாவையும் அதன் கன்றையும் குளிப்பாட்டி, மஞ்சள் குங்குமம் வைத்து, மாலை போட்டு நடத்திக்கொண்டு போய்விட்டார்.

ஏறுவது என்னவோ ஏறிவிட்டது. முன்னால் கன்று, மூக்குக்கு நேராக வாழைப்பழம். கூடத்தில் போய் நின்று சாணியும் போட்டது. லக்ஷ்மி கடாக்ஷம் என்று மாமிக்கு வாயெல்லாம் பல். இறங்கும் நேரம் வந்தது. முதல் படியைக் குனிந்து பார்த்தது, அவ்வளவுதான், நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டது. இழுத்தால் கத்துகிறது, தள்ளினால் உதைக்கிறது. கன்றைக் கீழே கொண்டுபோனால் மேலே நின்று ஊரைக் கூட்டுகிறது. விருந்துக்கு வந்தவர்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டு மாட்டைத் தாண்டி உள்ளே போனார்களாம். பதினொரு மணிக்கு எனக்கு ஆள் வந்தது. ஓடினேன். மாமி என்னைப் பார்த்து, "ஏண்டிம்மா தேவானை, பசு ஆத்துக்குள்ள வரணும்னுதான் கேட்டேன். ஆத்துலயே இருந்துண்டிருக்கணும்னு கேட்டேனா?" என்றார்களே, நான் தரையில் புதைந்துபோனேன். டாக்டரம்மாவுக்குப் போன் போட்டார்கள். அவர் வந்து, கட்டட வேலைக்குக் கிடந்த மணலைச் சாக்குகளில் நிரப்பிப் படிகளைச் சரிவாக்கச் சொல்லி, அதன் கண்ணைத் துண்டால் கட்டி, கயிற்றை ஆறு பேர் பிடிக்க, ஒரு மணிக்கு இறக்கினோம். மாமாக்கள் பஞ்சகச்சத்தோடு கயிறு பிடித்தார்கள்.

கீழே வந்ததும் டாக்டரம்மா உன் நைனாவைப் பிடித்துக்கொண்டார். "மூஞ்சி ஒண்ணா இருந்தா பழக்கமும் ஒண்ணா இருக்குமாய்யா? கனகாவுக்குப் படி இறங்க யார் சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டார். நைனா குனிந்து மாட்டின் கண்கட்டை அவிழ்க்க ஆரம்பித்தார். எனக்குத் தெரியும். நீதான் சொல்லிக் கொடுத்தாய். அவள் கன்றாக இருந்தபோது உனக்கு ஐந்து வயது. பக்கத்து வீட்டு மாடிப்படியில் தோசையைக் காட்டி ஏற்றி இறக்கி விளையாடுவாய். அவர்கள் திட்டுவார்கள், நான் உன்னை அடித்திருக்கிறேன். எத்தனை குறிப்பு எழுதி எத்தனை முட்டையில் வைத்தாலும் அந்தத் தோசை அதில் வராது கற்பகம். அதை நீ கொடுத்தாய், அவள் வாங்கிக்கொண்டாள். அன்றைக்கு அடையாறு பாலத்தில் மாட்டை ஓட்டிக்கொண்டு வரும்போது எனக்கு அழுகை நிற்கவில்லை. நைனா மன்னிப்புக் கேட்டார், அவரிடம் எனக்கு என்ன கோபம்.

இனி நீ அடிக்கோடு போட்ட கேள்வி.

கனகா வயதாகிச் சாகவில்லை. ஐந்து நாள் தீனி எடுக்காமல் நின்றாள், இடப்பக்க வயிறு உப்பிக் கல்லாக இருந்தது. பிப்ரவரி பதினெட்டாம் தேதி மத்தியானம் போய்விட்டாள். டாக்டரம்மா வயிற்றைத் திறந்து பார்த்தார். பிளாஸ்டிக் கவர். பால் கவர், காய்கறி வாங்குகிற கவர், ஓட்டலில் சாம்பார் கட்டிக் கொடுக்கிற கவர், எல்லாம் கயிறாக முறுக்கிக்கொண்டு ஒரு சாக்கு நிறைய வந்தது. நான் பார்த்தேன். காலையில் கறந்துவிட்டுத் தெருவில் அவிழ்த்துவிடுகிறோமே, எல்லோரும் விடுகிறார்கள் என்று நானும் விட்டேனே, மார்க்கெட் குப்பையில் அவள் தின்றது அவ்வளவும் உள்ளே இருந்தது.

அப்போதே ஏன் சொல்லவில்லை என்றால், இருபத்திரண்டாம் தேதி உனக்கு எண்ணூறு மீட்டர் ஓட்டம் இருந்தது. அது முடியட்டும் என்று நினைத்தேன். இது ஒரு காரணம், ஆனால் பெரிய காரணம் வேறு. ஸ்கூல் விட்டதும் பையை எறிந்துவிட்டு மார்க்கெட்டுக்கு ஓடி, கனகாவின் வாய்க்குள் கையை விட்டுக் கவரை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தவள் நீ. "கவர் துன்றாம்மா, அவுத்து வுடாதேம்மா" என்று எத்தனை தடவை என்னிடம் கத்தியிருக்கிறாய். விடுதிக்குப் போகும் அன்றைக்குக்கூடச் சொல்லிவிட்டுத்தான் போனாய். கவர் தின்று செத்தாள் என்று எழுதினால், நான் ஊரைவிட்டு வந்ததால்தான் செத்தாள் என்று நீ நினைப்பாய். ஓட்டத்தை விட்டுவிடுவாய். அதற்குப் பயந்துதான் பொய் எழுதினேன். கடைசியில் பொய்யைக் கண்டுபிடித்து, அதனாலேயே ஓட்டத்தை விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறாய். நான் செய்தது தப்பு. பெரிய தப்பு.

ஒன்றை நன்றாகப் படித்துக்கொள். நீ போனதால் அவள் சாகவில்லை. அந்தக் கவரெல்லாம் ஒரு வருஷத்தில் சேர்ந்தது இல்லை, நீ இங்கே இருந்த வருஷங்களிலேயே சேர ஆரம்பித்தது என்று டாக்டரம்மா சொன்னார். சத்தியமாகச் சொன்னார், வேண்டுமானால் அவரிடமே எழுதி வாங்கி அனுப்புகிறேன். மாட்டின் வாயைக் காவல் காப்பது பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் வேலையா? மாடு என்னுடையது. அவிழ்த்துவிட்டவள் நான். நீ சொல்லியும் கேட்காதவள் நான். இன்னொரு கனகாவை யாராவது செய்து கொடுத்திருந்தாலும் அதே தெருவில்தான் விட்டிருப்பேன், அவளும் அதே குப்பையைத்தான் தின்றிருப்பாள்.

மார்ச் மாதத்திலிருந்து ஒரு மாட்டையும் வெளியே விடவில்லை. நைனா சைக்கிளில் போய்ப் புல்கட்டு வாங்கி வருகிறார், முணுமுணுக்கிறார், இருந்தாலும் போகிறார். தெருக்காரர்கள், "இன்னா தேவானை, மாட்டுக்கு ஜெயிலா?" என்று கிண்டல் பண்ணுகிறார்கள். பண்ணட்டும். சின்னக்கனகா கட்டுத்தறியில் நின்று கத்துகிறது. அதுவும் கத்தட்டும்.

இப்போது முக்கியமான விஷயம். ஞாயிற்றுக்கிழமை நான் திருச்சிக்கு வருகிறேன். மாடு கட்டிய நாளிலிருந்து பதினான்கு வருஷத்தில் ஒரு வேளைக் கறவையைக்கூட நான் அடுத்தவர் கையில் விட்டதில்லை, உன்னை விடுதியில் சேர்க்கக்கூட நைனாதான் வந்தார். உனக்கு அந்தக் குறை உண்டு என்று எனக்குத் தெரியும். சனிக்கிழமை மாலை கறந்துவிட்டுப் பஸ் ஏறுகிறேன். ஞாயிறு இரண்டு வேளையும் உன் அத்தை காமாக்ஷி கறப்பாள். பால் குறையும், வீடுகளில் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

விடுதியில் பெற்றோர் பார்க்கிற நேரம் பத்து மணியிலிருந்து நாலு மணி வரைக்கும் என்று சார் எழுதியிருக்கிறார். பத்து மணிக்கு நான் கேட் அருகில் இருப்பேன். நீ லீவுக்கு வர வேண்டும் என்று இழுக்க வரவில்லை. ஓடு என்று சொல்லவும் வரவில்லை, அது உன் கால், உன் இஷ்டம். ஓட வேண்டாம் என்று நீ முடிவு பண்ணினால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூட்டி வந்துவிடுகிறேன். ஓடுவது என்று முடிவு பண்ணினால் மைதானத்தில் ஓரமாக நின்று ஒரு சுற்று பார்த்துவிட்டு வருகிறேன். இதுவரைக்கும் நீ ஓடி நான் பார்த்ததே இல்லை.

ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன் கற்பகம். அம்மாவைப் பார்க்கமாட்டேன் என்று வார்டனிடம் சொல்லி அனுப்பிவிடாதே. அதைச் சொல்வதானாலும் நீயே வந்து சொல். பொய்க்காரி என்று திட்டுவதானால் என் முகத்துக்கு நேராக நின்று திட்டு, எத்தனை பேர் பார்த்தாலும் நான் குனிந்து நின்று கேட்டுக்கொள்கிறேன். நாலு மணி வரைக்கும் அங்கேயேதான் உட்கார்ந்திருப்பேன். கண்ணு, வந்துவிடு.

உன் உடம்பும் உன் காலும் நன்றாக இருக்க வேண்டும் என்று கற்பகாம்பாளை வேண்டிக்கொள்ளும்,

உன் அம்மா,
தேவானை.